ஆஜர்படுத்தப்பட்டவள்

கோர்ட்டுக்குள் அழைத்து வரப்பட்டவளுக்குத் தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

இரண்டு பெண் போலீசாருக்கு நடுவில், தலையைச் சற்றுத் தாழ்த்தி, மின்விசிறிக் காற்றில் பறந்த முடியை ஒரு விரலால் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபடி அவள் வந்தாள். அந்த ஒதுக்கல் சிட்டுவுடையது. வலது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கும் நடையும் சிட்டுவுடையதுதான். பழைய காகிதமும் ஈரக் குடையும் வியர்வையும் கலந்த அந்த அறையின் வாடைக்குள் அவளோடு சேர்ந்து வேறொரு வாடை நுழைந்தது. துவைத்து, சரியாகக் காயாமல், பல நாள் பெட்டிக்குள் மூடிக்கிடந்த துணியின் வாடை. சிட்டுவின் அக்கா பெரியவளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு சத்தம் எழுப்பினாள். அதை அழுகை என்று சொல்ல முடியாது. இத்தனை மாதமாகத் தொண்டையில் சிக்கியிருந்த ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

பெரியவள் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. சிட்டுவின் தழும்பு வலது புருவத்தில்.

சிட்டு என்பது வீட்டில் வைத்த பெயர். பெரியவளுக்கு எட்டு வயது இளைய தங்கை, அம்மாவின் செல்லம். ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கடையை விட்டு இறங்கினாள். சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இல்லை.

"வயசுப் பொண்ணு. எவன்கூடயாவது போயிருக்கும். ஒரு நாள் கல்யாண போட்டோ அனுப்பும், பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பெரியவள் விடவில்லை. தினமும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். பிறகு ஒரு வக்கீலைப் பிடித்து, தங்கையைக் கண்டுபிடித்து ஆஜர்படுத்தச் சொல்லி மனுப் போட்டாள். வாய்தா மேல் வாய்தா. ஒரு வாய்தாவில் நீதிபதி திடீரென்று அவளையே எழுந்து நிற்கச் சொல்லி, அங்க அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டார். எதிரே அரசு வக்கீல் பேனாவைப் பல்லில் தட்டிக்கொண்டிருந்தார். சிட்டுவின் முகத்தை மனசுக்குள் எதிரே நிறுத்தி, தன் இடது கைப்பக்கம் தெரிந்ததைச் சொன்னாள். "இடது புருவத்துல ஒரு தழும்பு ஐயா. சின்ன வயசுல ஜன்னல் முனை குத்தினது."

எதிரே நிற்பவளுக்கு அது வலது என்பது பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. மறுநாள் வக்கீலிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "விடும்மா. ஆள் கிடைச்சா புருவமும் கூடவே வரும்."

வந்துவிட்டது.

"மனுதாரர் யாரு? எழுந்திரிங்க" என்றார் நீதிபதி. "இவங்க உங்க தங்கச்சிதானே?"

"ஐயா... அந்தத் தழும்பு..."

"இருக்கே. இடது புருவம். நீங்க சொன்னதுதானே பதிவாகியிருக்கு?"

அறை முழுதும் அவளைப் பார்த்தது. அம்மாவின் தோளுக்கு மேலிருந்து அந்தப் பெண்ணும் பார்த்தாள். சிட்டுவின் கண்தான். ஆனால் அந்தக் கண் பெரியவளின் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தது. அடுத்த வார்த்தை எது என்று காத்திருந்தது.

பெரியவள் பேசவில்லை. பேசாததை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். தன் இஷ்டப்படி ஒரு தோழி வீட்டில் இருந்ததாக அந்தப் பெண் சொன்னாள். குரலும் சரியாக இருந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "திருப்தியா? எத்தனை தடவ என்னைக் கைகட்டி நிக்க வச்சே. கேட்ட மாதிரியே கொண்டாந்து குடுத்தாச்சு. இனிமே ஸ்டேஷன் பக்கம் உன் தலை தெரியக் கூடாது."

கேட்ட மாதிரியே. அந்தச் சொல் வீடு வரைக்கும் பெரியவளுடன் வந்தது.

*

அவர்களுடையது மாடியில் இரண்டு அறை வீடு. கீழே வீட்டுக்காரம்மா. வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அம்மா "உள்ள போடி" என்ற பிறகுதான் உள்ளே வந்தாள். "உன் கட்டில் அதேதான்" என்று அம்மா கை காட்டிய பிறகுதான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். யாராவது சொல்லும்வரை அவளுக்கு எதுவும் தெரியவில்லை; ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறந்ததிலிருந்து தெரிந்தவளைப் போல நடந்துகொண்டாள்.

அம்மா சொல்லச் சலிக்கவில்லை. காலையில் பெரியவள் வேலைக்குக் கிளம்பும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாயங்காலம் அவள் திரும்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சிட்டு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழுதது, அப்பா செத்த அன்றைக்குச் சிட்டு யார் மடிக்கும் போகாமல் இருந்தது, காய்ச்சலில் என்ன உளறினாள் என்பது. வந்தவள் அம்மாவின் முழங்காலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கி, வாயை லேசாகத் திறந்து வைத்துக் கேட்பாள். ஊட்டிவிடும் கைக்குக் குழந்தை வாய் திறப்பதைப் போல. அம்மா மூச்சு வாங்க நிறுத்தினால் மெல்லக் கேட்பாள்.

"அப்புறம்?"

அம்மா சொல்வாள்.

"அப்புறம்?"

முதல் வாரத்தில் வந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிட்டு எப்படி மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாள் என்று அம்மா செய்து காட்டிய மறுநாள் வந்துவிட்டது.

ஒரு நாள் வந்தவள் குளிக்கப் போயிருந்தபோது பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாம சொல்லு. சிட்டுவுக்கு ஜன்னல் குத்தினது எந்தப் புருவத்துல?"

"இடது."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ரத்தத்தைத் துடைச்சது நீதானே?"

"இடதுதான். நீதானேடி கோர்ட்ல சொன்னே?"

"நான் தப்பாச் சொல்லிட்டேம்மா."

அம்மாவின் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. கையை உருவிக்கொண்டாள். "உனக்கு வயித்தெரிச்சல். அவ இல்லாதப்ப வக்கீல், போலீசு, பேட்டின்னு ஊர் பூரா உன்னையே பாத்துச்சு. இப்ப அவ வந்துட்டா, உன்ன யாரும் சீண்டல. அதான்."

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. கதவின் அடியில், வெளிச்சக் கோட்டின் நடுவே, இரண்டு பாதங்களின் நிழல் அசையாமல் இருந்தது.

பெரியவள் போட்டோக்களை எடுத்துப் பார்த்தாள். பாதி சிட்டு தானே எடுத்துக்கொண்டவை, கைப்பேசி இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது என்று சொல்லிவிடுவார்கள். மீதியில் முடி விழுந்து புருவத்தை மறைத்திருந்தது. ஸ்டேஷனில் அவளை வாசலிலேயே நிறுத்தினார்கள். "கிடைச்சவள எப்படிம்மா தேடறது?" என்றான் பாராக்காரன். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் மருந்துக் கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கினாள். சிட்டு கடைசியாக நின்ற இடம். கம்பத்தில் ஒட்டியிருந்த 'காணவில்லை' அறிவிப்பை யாரோ கிழித்திருந்தார்கள். பசை மட்டும் ஒரு சதுரமாக மிச்சமிருந்தது. இந்த நேரத்தில் எங்கேயோ ஓர் இடத்தில் சிட்டு, அக்கா தேடுகிறாள் என்று நம்பிக்கொண்டிருப்பாள்.

*

பெரியவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர்களிடமிருந்து வரும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பொய்ப்பல் கட்டுவாள். அலமாரி முழுக்க முகமில்லாத தாடைகள். தொழில் பழகிய நாளில் வீட்டில் இருந்தவர்கள் வாயிலெல்லாம் அச்சு எடுத்திருந்தாள். சிட்டுவின் தாடையும் அவற்றில் ஒன்று. கீழ்வரிசைக் கடைவாயில் ஒரு பல் முளைக்காமல் இடம் காலியாக இருக்கும். அதை யாரும் கோர்ட்டில் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு மத்தியானம் வந்தவள் லேபுக்கே வந்தாள். மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை அம்மா கொடுத்தனுப்பியதாகச் சொன்னாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மெழுகு உருகும் வாடையையும் மீறி அந்தப் பெட்டித்துணி வாடை அறைக்குள் பரவியது.

"உக்காரு. ஒரு அச்சு எடுக்கணும்" என்றாள் பெரியவள்.

வந்தவள் ஏன் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து வாயைத் திறந்தாள். பெரியவள் பசையைக் குழைத்து, தட்டில் நிரப்பி, அந்த வாய்க்குள் வைத்து அழுத்தினாள். வாய்க்குள் சூடே இல்லை. ஈரமும் குறைவு. பசை இறுகும்வரை தட்டை விரலால் பிடித்திருக்க வேண்டும். வந்தவளின் கண்கள் அவள் முகத்தில் நிதானமாக அலைந்தன. நெற்றி, காது, கழுத்து, மறுபடி நெற்றி. பிறகு, மிக மெல்ல, வாய் மூடிக்கொண்டது. பற்கள் பெரியவளின் விரலில் பதிந்தன. வலிக்கவில்லை. இழுத்தால் மட்டும் வலிக்கும் அளவுக்கு ஒரு பிடி. பசை இறுகுகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்து, விட்டாள்.

"அவ்வளவுதானா அக்கா?" என்று மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள்.

அவள் போனதும் பெரியவள் பிளாஸ்டர் ஊற்றினாள். காய்ந்ததும் அச்சிலிருந்து பிரித்துக் கையில் வைத்துத் திருப்பினாள். கடைவாயில் காலி இடம் இல்லை. எல்லாப் பல்லும் இருந்தன. சிட்டு இல்லை, நிச்சயமாக இல்லை என்று ஒரு கணம் மூச்சு வந்தது. அடுத்த கணம் நின்றது. முன்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி, சாய்ந்து நின்றது. அதன் நுனியில் சிறு உடைசல். அந்த உடைசலைப் பெரியவளின் நாக்கு தினமும் தடவிப் பார்க்கும்.

வேண்டாம் என்று தோன்றியது. இருந்தும் அந்தப் பிளாஸ்டர் தாடையைத் தூக்கித் தன் பற்களின் மேல் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல். உடைசலுக்கு உடைசல். நாக்கில் சுண்ணாம்பு ருசி. வாயை மூட முடியாமல், எடுக்கவும் பயந்து, அப்படியே நின்றாள்.

"என்னம்மா பண்றே?" என்று வாசலில் முதலாளியின் குரல் கேட்டது. அவர் பார்த்த பார்வையில் அவள் வேலை போய்விட்டது தெரிந்தது. அவர் வாயால் சொன்னது மறுநாள்தான்.

*

வக்கீல் அந்தப் பிளாஸ்டரைத் தொடவே இல்லை. "ஆள மாத்தி, உன் அச்சயே நீ கொண்டாந்திருக்கேன்னு சொல்லுவாங்க. நானே சொல்லுவேன்" என்றார்.

"அவ என் தங்கச்சி இல்ல சார். என் தங்கச்சி இன்னும் எங்கயோ இருக்கா. தேடச் சொல்லி இன்னொரு மனு போடுங்க."

"கிடைச்ச பொண்ண மறுபடி காணோம்னு மனுவா? போட்டா ஜட்ஜ் சிரிப்பாரு. சிரிச்சா பரவால்ல, என்னப் பாத்துச் சிரிப்பாரு." ஆனாலும் போட்டார். அம்மாவுக்கும் வந்தவளுக்கும் நோட்டீஸ் போயிற்று.

வீட்டில் சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அம்மா அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தட்டு வைக்கும்போது இரண்டு தட்டுதான் வைத்தாள். பெரியவள் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுப்புப் பக்கம் நின்றபடி சாப்பிட்டாள். வந்தவள் முடியைப் பின்னால் இறுக்கி வாரிக் கிளிப் போட ஆரம்பித்திருந்தாள். பெரியவள் போடுகிற மாதிரி. காலைத் தேய்த்து நடப்பது நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் பெரியவள் படியில் இறங்கும்போது, கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சிட்டு, ரொம்ப இளைச்சுட்டியே?"

"நான் பெரியவ ஆன்ட்டி."

வீட்டுக்காரம்மா துணிக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணிக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மழையில் மின்சாரம் போயிருந்தது. பெரியவள் வேறு வேலை தேடி அலைந்துவிட்டு, நனைந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இருட்டில் சுவரைத் தடவித் தடவி மாடி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல், தாழ்ந்து, சீராக, தூங்கவைக்கும் கதை சொல்வதைப் போல.

"...பெரியவ பொறந்தப்ப அழவே இல்ல. நர்சு தலைகீழாப் புடிச்சுத் தட்டினதும்தான் வீல்னு கத்தினா."

"அப்புறம்?"

"பத்து வயசுலயே அவளுக்கு வீட்டுப் பொறுப்பு. எங்கிட்ட ஒட்டவே மாட்டா. கோவம் வந்தா வலது கை கட்டைவிரல உள்ள மடக்கிக்குவா."

பெரியவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். இருட்டில் தெரியவில்லை. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருப்பது மட்டும் தெரிந்தது.

"அப்புறம்?"

இந்த முறை கேட்ட குரல் சிட்டுவுடையது அல்ல. சற்றுக் கரகரத்த, அலுத்த குரல். போனில் பதிவாகிக் கேட்கும்போது பெரியவளுக்கே பிடிக்காத அவள் சொந்தக் குரல்.

*

வழக்கு நாளன்று மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வந்தவள் பெரியவளின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டிருந்தாள். இறங்கும்போது பெரியவளின் தோளிலிருந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ பதட்டமா இருக்கே. நான் வச்சுக்கறேன்." பெரியவள் திருப்பிப் பிடுங்கக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

கோர்ட் வாசலில் பெண் போலீஸ் பெரியவளை மட்டும் நிறுத்தினாள். அடையாள அட்டை கேட்டாள். அது பைக்குள் இருந்தது. அம்மாவும் அவளும் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்கள். கெஞ்சி, அழுது, எந்தக் கோர்ட், எந்த வழக்கு என்று எல்லாம் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

ஓடினாள். வராந்தா. படி. மறுபடி வராந்தா.

கோர்ட்டுக்குள் நுழையும்போது ஊழியர் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனுதாரர் பெயர். அவள் பெயர். காலைத் தூக்கி வைத்தாள்.

"இருக்கேன் ஐயா."

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். இறுக்கி வாரிய முடி. சாம்பல் நிறச் சட்டை. தோளில் பை. வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையசைத்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள். வலது கை கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

"அது நான் இல்ல!" பெரியவள் கத்தினாள். "நான்தான் மனுதாரர்! ஐயா, நான்தான்!"

அறை திரும்பியது. நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாரது?"

கூண்டில் நின்றவளும் திரும்பினாள்.

தினமும் காலையில் பல் விளக்கும்போது பெரியவளுக்குக் கண்ணாடியில் தெரிகிற முகம். சாய்ந்த பல். கண்ணுக்குக் கீழே தூங்காத கருமை. எல்லாம்.

"என் தங்கச்சிங்க ஐயா" என்றாள் அந்த முகம். குரல் உடைந்தது. "இவதான். இவளத்தான் தேடினேன். வந்துட்டா."

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். வக்கீல் பெரியவளைப் பார்த்தார். ஒரு வருஷம் வழக்கு நடத்தித் தந்த வக்கீல், முதல்முறை பார்க்கிறவரைப் போல, தலை முதல் கால் வரை பார்த்தார். பெண் போலீஸ் ஒருத்தி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா" என்றார் நீதிபதி, கனிவாக. "இவ்வளவு நாளா எங்கம்மா போயிருந்தே?"

பெரியவள் வாயைத் திறந்தாள். தன் பெயரைச் சொல்ல நினைத்தாள். அது இப்போதுதான் பதிவாகிக்கொண்டிருந்தது. வேறொருத்திக்கு.

"தாயாரு இருக்காங்களா? வந்து பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

அம்மா எழுந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்று பெரியவள் நினைத்தாள். தெரியாமல் இருக்காது. கிட்டே வந்தால் தெரியும்.

அம்மா கிட்டே வந்தாள். இரண்டு கைகளாலும் பெரியவளின் முகத்தை ஏந்தினாள். அப்பா செத்தபோதுகூட அவளைத் தொடாத கைகள். கண் நிறைய அன்பு. பிறந்ததிலிருந்து பெரியவள் கேட்டுக் கிடைக்காத அன்பு. கட்டைவிரல் அவள் புருவத்தை மெல்லத் தடவியது.

"சிட்டு" என்றாள் அம்மா. "வந்துட்டியாடி."

"அம்மா, நான்..."

விரல்கள் கன்னத்தில் இறுகின. நகம் இறங்கியது. உதடு அசைய முடியவில்லை. அம்மாவின் முகத்தில் அதே அன்பு.

கோர்ட் தட்டச்சரின் விரல்கள் தட்டத் தொடங்கின.

அம்மாவின் தோளுக்கு மேலே, கூண்டில் நின்றவள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, ஒரு வருஷமாக அலைந்து தங்கையைக் கண்டுபிடித்துவிட்ட அக்காவைப் போல அழுதுகொண்டிருந்தாள்.